குமரியில் ஒரு வாரம் நடக்க: கடற்கரையா, சானல் கரையா, சிவாலயப் பாதையா?

குமரி மாவட்டத்தை நடந்தே பார்க்க வேண்டும் என்று திட்டம் போடுபவர்கள் முதலில் கேட்பது "மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். இங்கே அந்தக் கேள்விக்கு அடுத்த இடம்தான். நடை இனிமையாக முடிவதும் மூன்றாம் நாளே பேருந்து ஏறுவதும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: காலை பத்து மணிக்கு மேல் தலைக்கு மேல் நிழல் உண்டா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிதண்ணீர் கிடைக்குமா, சாயங்காலம் படுக்க இடம் எங்கே. இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே உள்ள பாதைகளை ஒப்பிடுகிறோம்.

மலைக்காடு வேண்டும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காளிகேசம், கீரிப்பாறை, மேல் கோதையாறு எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் காட்டுக்குள் பலநாள் நடை என்பது நாமே திட்டமிட்டுப் போகிற காரியமல்ல. அது கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். யானை நடமாட்டம் உள்ள இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு தமிழகத்தில் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு ஒரு நாள் போய் வரலாம். அதை உங்கள் நடைக்கு முன்போ பின்போ தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பலநாள் நடைக்கு மிஞ்சுவது மூன்று பாதைகள்: கடற்கரை, சானல் எனப்படும் பாசனக் கால்வாயின் கரை, பன்னிரண்டு சிவன் கோயில்களை இணைக்கும் சிவாலயப் பாதை.

கடற்கரை: கன்னியாகுமரி முதல் நீரோடி வரை

ஏறக்குறைய 73 கி.மீ. ஐந்து நாள். முதல் நாள் கோவளம், மணக்குடி வழியாகச் சங்குத்துறை வரை சுமார் 18 கி.மீ.; இரண்டாம் நாள் முட்டம் வரை 16; மூன்றாம் நாள் கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு தாண்டிக் குளச்சல் வரை 12; நான்காம் நாள் குறும்பனை, இனயம் வழியாகத் தேங்காப்பட்டணம் வரை 17; கடைசி நாள் ஆற்றைப் பாலத்தில் கடந்து இரையுமன்துறை, தூத்தூர், வள்ளவிளை வழியாக நீரோடி வரை 10. எல்லாமே ஏறக்குறையக் கணக்கு. சாலையில் நடந்தால் கூடும், மணலில் நடந்தால் குறையும்.

காகிதத்தில் இது மூன்றிலும் எளிய பாதை. ஏற்றம் கிடையாது, வழி தவறவும் முடியாது. நடக்கும்போதுதான் சிக்கல் தெரியும். உலர்ந்த மணலில் மணிக்கு இரண்டு, இரண்டரை கி.மீ.க்கு மேல் போக முடியாது. அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும். ஆனால் பல இடங்களில் கரை கடலை நோக்கிச் செங்குத்தாகச் சரியும். சரிவில் நடக்கும்போது ஒரு கால் எப்போதும் மற்றதைவிடத் தாழ்வாகவே ஊன்றும். மூன்று மணி நேரம் அப்படி நடந்தால் இடுப்பும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். கடல் வற்றும் நேரம் பார்த்து நடக்கலாம் என்று நினைத்தால், இந்தக் கரையில் ஏற்றவற்று வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அது தரும் கெட்டி மணல் சில அடி அகலம்தான். அரை மணி நேரம் மணல், அரை மணி நேரம் மேற்குக் கடற்கரைச் சாலை என்று மாற்றி மாற்றி நடப்பதே கால் தாங்கும் வழி.

குளச்சலுக்கு மேற்கே அந்த வசதியும் குறைந்துவிடும். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளும் ஊருக்கு ஊர் மணலை விழுங்கிவிட்டன. அந்தப் பாறைகள் மேல் சுமையோடு தாவி நடக்காதீர்கள். அடியில் பிடிமானம் இல்லாத கல் ஒன்று உருண்டால் கணுக்கால் போய்விடும். அங்கே வீடுகளுக்கு நடுவே போகும் சாலைதான் பாதை. கடலைக் காதால் கேட்கலாம், கண்ணால் பார்ப்பது தெருமுனைகளில் மட்டும்.

திசை முக்கியம். கரை தென்கிழக்கிலிருந்து வடமேற்காக ஓடுகிறது. கன்னியாகுமரியில் தொடங்கினால் காலை வெயில் முதுகில் விழும். நீரோடியில் தொடங்கினால் முகத்தில் அடிக்கும். ஐந்து நாளும் அதே கதைதான். எனவே தொடக்கம் கன்னியாகுமரி. விடியும்முன் கிளம்பி பதினொரு மணிக்கு நடையை முடித்துவிட வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கம் கனிம மணல் கறுத்துக் கிடக்கும். கறுப்பு மணல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் பத்து மணிக்கே வெறுங்காலை வைக்க முடியாது. மூன்றாம் நாள் மட்டும் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள்.

ஆறுகள் தடையல்ல. மணக்குடியில் 2004 சுனாமி அடித்துக்கொண்டுபோன பாலத்துக்குப் பதில் புதுப்பாலம் இருக்கிறது. மற்றப் பெரிய ஆறுகளுக்கும் பாலம் உண்டு. ஓடைகள் கடலில் சேரும் சிறிய பொழிகள்தான் ஏமாற்றும். வெயில் காலத்தில் மணல் மூடி நடந்து கடக்கிற பொழி, இரண்டு நாள் மழைக்கு உடைத்துக்கொண்டு இடுப்பளவு ஓடும். வெட்டுப்பட்ட மணல் விளிம்பு காலடியில் இடியும். பொழி ஓடுகிறது என்று கண்டால் யோசிக்காமல் சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கள்ளக்கடல். காற்றும் மழையும் இல்லாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த புயலலை இந்தக் கரைக்கு வந்து சேரும். பெரும்பாலும் மார்ச் முதல் மே வரை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட கடல்தான். அந்த மாதங்களில் கடற்கரை நடையே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து மணல் பரப்பே சுருங்கிவிடும். ஆக இந்தப் பாதைக்கு டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய இரண்டரை மாதம்தான். அதிலும் ஜனவரி பாதி வரை சபரிமலை சீசன். கன்னியாகுமரியில் அறை கிடைப்பது பாடு. முதல் இரவை நாகர்கோவிலில் வைத்துக்கொண்டு அதிகாலைப் பேருந்தில் கன்னியாகுமரி போவது நல்லது.

தங்குவதுதான் கடற்கரைப் பாதையின் உண்மையான பலவீனம். கன்னியாகுமரியையும் முட்டத்தையும் விட்டால் வழியில் அறைகள் அரிது. அதனால் நாகர்கோவிலில் மூன்று இரவு, மார்த்தாண்டத்தில் இரண்டு இரவு என்று தங்கி, தினமும் விட்ட இடத்துக்குப் பேருந்தில் போய் நடையைத் தொடர வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு: பெரிய பையை அறையிலேயே வைத்துவிட்டு மூன்று கிலோவோடு நடக்கலாம். அந்த மூன்று கிலோவும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆளுக்கு மூன்று லிட்டர் இல்லாமல் மணலில் இறங்க வேண்டாம்.

மீன்பிடித் துறைகளில் ஒரு மரியாதை இருக்கிறது. கரையில் நின்று கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாதீர்கள். நின்று, அவர்கள் கை காட்டும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். காயவிட்ட வலையை மிதிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஊர்களில் கடலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் காலைப் பூசை முடியும்வரை சாயாக்கடையும் திறக்காமல் இருக்கலாம். அன்றைக்குக் காலை உணவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாஞ்சில் நாட்டுச் சானல் கரை

இது மூன்று நாள், சுமார் 45 கி.மீ. முதல் நாள் அழகியபாண்டியபுரத்திலிருந்து பூதப்பாண்டி வழியாகத் தோவாளை. இரண்டாம் நாள் தேரூர்க் குளம் பார்த்துச் சுசீந்திரம். மூன்றாம் நாள் மருந்துவாழ்மலை ஏறி இறங்கிக் கன்னியாகுமரி. குழந்தைகளோடு வருபவர்களுக்கும், அறுபதைத் தாண்டியவர்களுக்கும், முதல்முறை நடப்பவர்களுக்கும் வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வயல், நடுவே தென்னை நிழலில் தண்ணீர் ஓடும் கரை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் ஜூன் முதல் பிப்ரவரி முடிய கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கும் வரும். அணையை அடைத்துவிட்டால் சானல் வெறும் பள்ளம். அப்போது இந்த நடைக்கு அர்த்தமில்லை. நவம்பரில் மழை மிச்சமிருந்தாலும் நாற்று பச்சையாக நிற்கும். பிப்ரவரியில் கதிர் முற்றி அறுப்பு நடக்கும். சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. வலசைப் பறவைகளுக்காக வருபவர்கள் டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்குள் தேரூர்க் கரையில் இருக்க வேண்டும். அப்படியானால் தோவாளையிலிருந்து நடந்து வந்து சேர முடியாது. முந்தின இரவு நாகர்கோவிலில் தங்கி முதல் பேருந்தில் தேரூர் போய், பறவை பார்த்த பிறகு மிச்ச நடையை முடித்துக்கொள்ளுங்கள்.

சானல் கரையில் தவறு நடப்பது கரையைத் தேர்வு செய்வதில். இரண்டு கரையில் ஒன்றுதான் வண்டி போகும் அகலத்தில் தொடர்ந்து வரும். மற்றது அரை மணி நேரம் அழகாக வந்து, ஒரு வாழைத் தோட்ட வேலியிலோ வீட்டுப் பின்சுவரிலோ முடிந்துவிடும். எதிர்க்கரையில் வண்டித் தடம் தெரிந்தால் அடுத்த பாலத்திலேயே மாறிக்கொள்ளுங்கள். மடைச்சுவர் மேல் ஏறிக் கடக்கும் யோசனை வேண்டாம். பாசி படிந்த சிமெண்ட் மழைக்காலத்தில் எண்ணெய் தடவியது போல வழுக்கும். மதகு திறந்திருந்தால் தண்ணீர் இழுக்கும். புல் முட்டளவு வளர்ந்த இடத்தில் குடையையோ கம்பையோ முன்னால் தட்டிக்கொண்டு போங்கள். வயலும் எலியும் இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துவாழ்மலையை மூன்றாம் நாள் காலையில் முதல் வேலையாக முடித்துவிடுங்கள். மேல்பகுதியில் பாறை வெறும் வெயில். உச்சியில் வயலும் தென்னையும் கடலும் ஒரே பார்வையில் விழும்; மூன்று நாள் நடந்துவந்த தரை முழுவதும் அங்கே விரிந்து கிடக்கும்.

குறை என்று பார்த்தால், ஒரு வாரம் விடுமுறை எடுத்து வருபவருக்கு இது சீக்கிரம் முடிந்துவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் நீட்டலாம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்?

சிவாலயப் பாதை, ஆனால் சிவராத்திரி அன்று அல்ல

பன்னிரண்டு சிவன் கோயில்களை இணைக்கும் இந்தப் பாதையில் மகாசிவராத்திரியை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் காவி உடுத்தி, கையில் விசிறியோடு "கோபாலா, கோவிந்தா" என்று ஓடுவார்கள். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு எனப் போய்த் திருநட்டாலத்தில் முடியும். நூறு கி.மீ.க்கு மேல் என்பது வழக்கமான கணக்கு. அவர்கள் ஒரு பகல், ஓர் இரவில் முடிப்பதை நீங்கள் ஆறு நாளாகப் பிரித்து நடந்தால், இந்த மாவட்டத்தில் இதற்கு இணையான பாதை கிடையாது. எங்கள் தேர்வு இதுதான்; வேண்டுதல் இல்லாமல் நடையை மட்டும் விரும்புகிறவருக்கும் இதையே சொல்வோம்.

காரணம் எளிது. இது நடப்பவர்களுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து உருவான வழி. ஒரு கோயிலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓரிரு மணி முதல் நாலு மணி நேர நடை. கோயில் இருக்கும் இடத்தில் குளமோ ஆறோ, உட்காரத் திண்ணையோ மரநிழலோ இருக்கும். ஒவ்வொரு முக்கிலும் ஒரு சாயாக்கடை. பழம்பொரி, ரசவடை, சில இடங்களில் மரச்சீனியும் (மரவள்ளி) மீன்கறியும். ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு நடந்தால் போதும். நிலமும் நாளுக்கு நாள் மாறும்: முதல் நாள் தென்னை விளைகள், அடுத்த இரண்டு நாள் ரப்பர் தோட்டங்களும் மலையடிவாரமும், பிறகு வேளிமலை நிழலில் பழைய கோட்டையூர், கடைசியில் மறுபடி ஏலா என்னும் வயலும் வாழையும்.

ஆறு நாளை இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் முஞ்சிறையிலிருந்து ஆற்றங்கரைத் திக்குறிச்சிக்கு; தங்கல் மார்த்தாண்டம். இரண்டாம் நாள் சிதறால், அருமனை, களியல் வழியாகத் திற்பரப்பு. சிதறால் மலைக்கோயிலில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்றாம் நாள் குலசேகரம் வழியே திருநந்திக்கரை, பொன்மனை. அன்று பேருந்தில் தக்கலை போய்த் தங்கி மறுநாள் பொன்மனைக்கே திரும்புவது நடைமுறையில் எளிது. நான்காம் நாள் பன்னிப்பாகம் தாண்டிக் கல்குளம், அதாவது பத்மநாபபுரம். ஐந்தாம் நாள் மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு. ஆறாம் நாள் திருப்பன்றிக்கோடும் திருநட்டாலமும்.

தொடங்கும் கிழமையை யோசித்து வையுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. வெள்ளிக்கிழமை தொடங்கினால் நான்காம் நாள் சரியாகத் திங்களில் போய் விழும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். திங்கள் அல்லது செவ்வாய் தொடங்குவது உத்தமம். கோயில்கள் காலையில் சீக்கிரம் திறந்து உச்சிக்கு முன்பே நடை சாத்திவிடும், மறுபடி சாயங்காலம்தான். பன்னிரண்டிலும் உள்ளே போக ஆசைப்பட்டால் ஆறு நாள் போதாது, ஏழாக்கிக்கொள்ளுங்கள். பல கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு வேட்டியும் துண்டும் பையின் மேல்பக்கமே இருக்கட்டும்.

மாதம் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரப்பர் தோட்டம் என்றால் எப்போதும் நிழல் என்று நினைப்பார்கள். ரப்பர் மரம் டிசம்பர் கடைசியில் இலை பழுத்து, ஜனவரி, பிப்ரவரியில் மொட்டையாக நிற்கும். அருமனையிலிருந்து பொன்மனை வரை பச்சைக் குடை பிடித்திருந்த தோட்டங்கள் அப்போது வெறும் குச்சிகள். வெயில் நேரே தரையில் இறங்கும். செம்மண் சரிவில் காய்ந்த இலை ஒரு சாண் கனத்துக்குக் கிடந்து, அதன் அடியில் சரளைக்கல் உருளும். இறக்கத்தில் குதிகாலை ஊன்றினால் சறுக்கிவிடும், பாதத்தை முழுதாக வைத்துச் சின்ன அடியாக இறங்க வேண்டும். சிவராத்திரி வருவதும் பெரும்பாலும் இந்த மொட்டைக் காலத்தை ஒட்டியே. ஜூன் முதல் நவம்பர் வரை நிழல் உண்டு, ஆனால் குலசேகரம் பக்கம் இரண்டு பருவமழையும் கொட்டும், அட்டையும் ஏறும். உப்பைத் துணியில் கிழியாகக் கட்டி நனைத்து வைத்துக்கொண்டால் தொட்டவுடன் விழுந்துவிடும். மழை ஓய்ந்து இலை விழாத இடைவெளி ஒன்று இருக்கிறது: டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை. சிவாலயப் பாதைக்கு அந்த மூன்று வாரம்தான் காலம்.

இந்தப் பாதையின் உண்மையான குறை சாலை. பெரும்பாலும் தார்ச்சாலை, ஓரத்தில் நடைபாதை இல்லை, இரண்டு பக்கமும் வீட்டு மதில். வளைவில் பேருந்து வந்தால் ஒதுங்க இடமிருக்காது. வண்டி எதிரே வருவது தெரியும்படி வலது ஓரமாகவே நடங்கள். மூன்று பேருக்கு மேல் என்றால் ஒற்றை வரிசை. கூகுள் வரைபடத்தில் தொடக்கமும் முடிவும் மட்டும் கொடுத்தால் வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலைக்குத் தள்ளிவிடும் அல்லது பூட்டிய எஸ்டேட் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தும். நடைபயண முறையைப் போட்டு, இடையில் உள்ள சிற்றூர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சாயாக்கடையில் "அடுத்த சிவாலயத்துக்கு நடந்து போற வழி" என்று கேளுங்கள். ஓட்டக்காரர்கள் போகும் குறுக்குவழியைக் கையைப் பிடிக்காத குறையாகக் காட்டுவார்கள்.

தெருநாய் மூன்று பாதையிலும் உண்டு. ஓடாமல், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு மெல்ல நகருங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி தொடங்க வேண்டும்.

கால்

எந்தப் பாதையானாலும் பயணத்தை நிறுத்துவது பெரும்பாலும் கொப்புளம்தான். அதிலும் திற்பரப்பில் குளித்துவிட்டு ஈரக் காலோடு காலுறை மாட்டுபவர்களுக்கு அடுத்த ஐந்தாவது கி.மீ.யில் நிச்சயம். ஊறிய தோல் மென்மையாகிக் காலணியோடு உரசி உரிந்துகொள்ளும். குளியல் வேண்டும் என்றால் நடை முடிந்த பிறகு. நடுவில் குளித்தால் விரலிடுக்கு வரை துடைத்து, இருபது நிமிடம் வெறுங்காலைக் காயவைத்து, உலர்ந்த காலுறை மாற்றுங்கள். குதிகாலில் எரிச்சல் தெரிந்த அந்த நிமிடமே நின்று ஒட்டுப்பட்டை ஒட்ட வேண்டும். அடுத்த கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அங்கே தண்ணீர் கோத்திருக்கும். தார்ச்சாலைக்கு மெத்தென்ற அடியுள்ள ஓட்டக் காலணி, கடற்கரைக்குப் பின்பட்டை உள்ள செருப்பு. மலையேற்றப் பூட்ஸ் மூன்றுக்குமே தேவையில்லை. கனமும் வியர்வையும்தான் மிச்சம்.

அறை பதிவு செய்வதற்கு முன் உங்கள் ஊரிலேயே அடுத்தடுத்த இரண்டு நாள், அதே காலணி, அதே பையோடு பதினைந்து கி.மீ. நடந்து பாருங்கள். முதல் நாள் எல்லாருக்கும் நன்றாகவே போகும். இரண்டாம் நாள் காலையில் படியிறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்பதைக் கேட்டுவிட்டுச் சிவாலயப் பாதையா சானல் கரையா என்று முடிவெடுங்கள்.